தீயணைப்பான்: நான்கு வருடம், ஒரே ஒரு பின்

நேற்றுதான் ரீஃபில் ஆகி வந்தது. "நம்ம வயசுக்கு இதெல்லாம் சரிப்படுமா?" என்று நண்பர் கேட்டார். எனக்கு 71, அவருக்கு இன்னும் இரண்டு கூட.

என்னுடையது ஏபிசி டிரை பவுடர் (துணி, பெட்ரோல், கேஸ் என மூன்று வகைத் தீக்கும் ஆகும் பொடி), 4 கிலோ. மாதம் ஒருமுறை பிரஷர் மீட்டரின் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. நான்கு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை, தேவைப்பட்ட அந்த ஒரு நாளைத் தவிர.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் புகைந்து, திரைச்சீலையில் தீ பிடித்தது. மனைவி மெயினை அணைத்தாள். நான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, பதற்றத்தில் கைப்பிடியையும் லீவரையும் சேர்த்து இறுக்கியபடி, லீவரைப் பூட்டி வைத்திருக்கும் பின்னை இழுக்கிறேன், அசையவே இல்லை. மூட்டுவலி விரல்களைத்தான் திட்டினேன். ஆனால் தப்பு விரலில் இல்லை. லீவரை அழுத்திக்கொண்டு இழுத்தால் பின் துளைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். இளவட்டம் இழுத்தாலும் மல்லுக்கட்டும். கீழே வைத்து, லீவரை விட்டுவிட்டு, வளையத்தைத் திருகினேன். சீல் அறுந்து பின் கையோடு வந்தது. இதை லேபிளில் ஒரு வரி போட்டால் என்ன? போட்டிருக்கும் நாலு வரியும் எறும்பு சைஸ். மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் கூரை போய்விடும்!

பின் வந்த பிறகு குறை சொல்ல முடியாது. வாசலுக்கு முதுகு காட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடியில் இடமும் வலமுமாக அடித்தேன். சில நொடிதான், அடங்கிவிட்டது. அப்புறம் வீடு முழுக்க மஞ்சள் மாவு. மனைவிக்கு இரண்டு நாள் இருமல். உடனே வெளியே போயிருக்க வேண்டும், ஜன்னலைத் திறந்துகொண்டு அங்கேயே நின்றோம்.

பாதி மிச்சம் இருக்கிறதே என்று திரும்ப மாட்டியதும் முட்டாள்தனம். வால்வில் பவுடர் சிக்கி, சில நாளிலேயே முள் சிவப்புக்கு இறங்கிவிட்டது. ஒரு தடவை அழுத்தினாலும் ரீஃபில்தான்.

எடை வேறு. 4 கிலோ என்பது உள்ளே இருக்கும் பவுடர் மட்டும். சிலிண்டரோடு 6 கிலோவைத் தாண்டும். 4 கிலோ வாங்காதீர்கள் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். மிஞ்சிப்போனால் 2 கிலோ, அதுவும் கடையிலேயே பின்னை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு. தீ ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டால் அதையும் தொடாமல் வெளியே ஓடிவிட வேண்டும்.

என்னுடையதை இன்று காலை பழைய ஆணியில் மாட்டவில்லை. வாசல் பக்கம், இடுப்பு உயரத்தில் புது ஆணி அடித்தேன்.