காசு கொடுத்து வாங்கிய 150 கூமுட்டை

காடை முட்டையை பஸ் பார்சலில் வரவழைத்துப் பொரிக்க வைக்கலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், ஜிபே திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இருப்பது அறந்தாங்கி பக்கம். கொல்லையில் கொஞ்சம் நாட்டுக்கோழி, வீட்டுக்குள் ஒரு சின்ன இன்குபேட்டர். கோழி முட்டைக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். காடை 17, 18 நாளிலேயே பொரிந்துவிடும், ஆறேழு வாரத்தில் முட்டையும் இட ஆரம்பித்துவிடும். அந்த ஆசையில்தான் மாட்டிக்கொண்டேன். கோயம்புத்தூர் பக்கத்துப் பண்ணை ஒன்றின் வீடியோ கண்ணில் பட்டது. அடுக்கடுக்காகக் கூண்டு, பளிச்சென்று காடைகள். நம்பருக்குப் போன் போட்டால், "எல்லாம் கருவுள்ள முட்டைண்ணா, நூத்துக்குத் தொண்ணூறு பொரியும், கேரண்டி" என்றான் அந்தத் தம்பி. ஒரு முட்டை 8 ரூபாய். 150 முட்டைக்கு 1,200, பார்சலுக்கு 120. மொத்தப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பினேன். பில் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை ஆம்னி பஸ்ஸில் பெட்டி வந்தது. தவிடு போட்டு அடுக்கியிருந்தும் 11 முட்டை உடைந்திருந்தது. அது பரவாயில்லை, பத்து கிராம் முட்டை அத்தனை தூரம் குலுங்கி வந்தால் உடையத்தான் செய்யும். லேசாக விரிசல் விட்டிருந்த ஒன்றை மட்டும் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். வெள்ளைக்கரு தண்ணீர் மாதிரி தட்டு விளிம்புவரை ஓடியது. மஞ்சள் கரு குமிழாக நிற்காமல் தோசை மாதிரிப் படுத்துவிட்டது. பழைய முட்டையின் லட்சணம் அது. தெரிந்தும், பஸ் சூட்டில் அப்படி ஆகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கூர் முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் மெஷினில் ஏற்றினேன். உடைந்ததால் டிரேயில் இடம் காலியாக இருந்தது. பக்கத்து ஊரில் காடை வளர்க்கிற ஒரு அண்ணனிடம் 12 முட்டை வாங்கி வந்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்டு அந்த இடத்தில் வைத்தேன். இதை மட்டும் செய்யாமல் விட்டிருந்தால் இன்றைக்கும் நான் என் மெஷினைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன்.

பத்தாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். காடை முட்டையில் புள்ளி அடர்த்தி, எல்லாம் தெளிவாகத் தெரியாது. ஆனாலும் குறி போட்டவை உள்ளே கருத்திருந்தன. பார்சலில் வந்தவை சிம்னி விளக்குக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை அப்படியே விட்டன. மனசு கேட்காமல் பத்து முட்டையை உடைத்தேன். நரம்பு ஓடியிருக்கவில்லை, இரத்தக் கோடுகூட இல்லை. கரு வளர ஆரம்பித்து வழியில் செத்திருந்தால் ஒன்றிரண்டிலாவது இரத்த வளையம் தெரிந்திருக்கும். இது ஒன்று நாள்பட்ட முட்டை, இல்லை ஆண் படாத முட்டை.

போட்டோ அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது: "அண்ணா, உங்க மெஷின்ல டெம்பரேச்சர் சரியில்ல. இல்லைன்னா பஸ்ல குலுங்கிருக்கும். எங்க முட்டையில குறையே வராது." இவர்கள் தப்பிக்கிற ஓட்டை இதுதான். பொரியாவிட்டால் மெஷின், மெஷின் சரியாக இருந்தால் பஸ், பஸ்ஸும் சரியாக இருந்தால் கரண்ட் கட்.

பதினெட்டாம் நாள் பெருக்கல் குறி போட்ட 12 முட்டையில் 9 பொரிந்தது. அதே டிரே, அதே 37.5 டிகிரி. பார்சல் முட்டையில் ஒன்றுகூட ஓடு கீறவில்லை. பத்தொன்பதாம் நாள் மீதி அத்தனையையும் எடுத்துத் தென்னைமரத்தடியில் குழி தோண்டிப் போட்டேன். ஒன்று கையிலேயே வெடித்தது. அந்த வாடை சட்டையை விட்டுப் போக இரண்டு துவையல் பிடித்தது.

அன்று ராத்திரி அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். வளர்ந்த ஆண் காடைக்கு நெஞ்சு புள்ளியில்லாமல் செம்பழுப்பாக இருக்கும், பெட்டைக்குக் கரும்புள்ளி தெளித்திருக்கும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கண்ணில் பட்ட கூண்டு எல்லாவற்றிலும் புள்ளி நெஞ்சுதான். சேவல் ஒன்றுகூட இல்லை! சாப்பாட்டு முட்டைக்காக வெறும் பெட்டையாக வளர்க்கிற பண்ணை அது. ஆண் இல்லாமலே காடை முட்டை இடும், ஆனால் அதிலிருந்து குஞ்சு வராது. இரண்டு மூன்று பெட்டைக்கு ஒரு ஆணாவது கூண்டுக்குள் இருக்க வேண்டும். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். குருட்டு ஆசை, கவனிக்கவில்லை. நானும் கூமுட்டைதான்.

இதையும் சொன்னேன். அதற்கு அவன், "சரிண்ணா, பாதி விலைக்கு ஒருநாள் குஞ்சு 50 அனுப்புறேன், எல்லாமே பெட்டை" என்றான். சிரிப்புதான் வந்தது. பொரிந்த அன்று காடைக் குஞ்சை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று பிரிக்கவே முடியாது. நெஞ்சு இறகு முளைத்து நிறம் தெரிய மூன்று வாரம் ஆகும். ஏழெட்டு கிராம் உயிர், தீவனமும் சூடும் இல்லாமல் இரண்டு ராத்திரி பஸ்ஸில் வந்தால் எத்தனை மிஞ்சும் என்பது தனிக் கதை. வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடு என்றேன். பிளாக் செய்துவிட்டான். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாய்ஸ் மெசேஜும்தான்.

முட்டை வாங்குகிறவர்கள் நேரில் போய்க் கூண்டில் ஆண் இருக்கிறதா என்று பாருங்கள். இட்டு ஒரு வாரம் தாண்டாத முட்டையாகக் கேளுங்கள். இரண்டை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். கருவுள்ள முட்டையில் மஞ்சள் கருவின் மேல் உள்ள வெள்ளைப் புள்ளியைச் சுற்றி வளையம் தெரியும், இல்லாததில் வெறும் பொட்டுதான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்து ஊர் அண்ணனிடம் 60 முட்டைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். ஒன்று 6 ரூபாய். கேட்டதும் இரண்டு உடைத்துக் காட்டினார். இரண்டிலும் வளையம் இருந்தது.