ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு வாடகை ஷெட்: 16 மாசம் இருந்து பார்த்தது

மீன்வலை நெய்கிற சின்ன யூனிட் என்னுடையது. ரெண்டு பழைய ஜப்பான் மெஷின், 11 பெண்கள், 3 ஆண்கள். நாகர்கோவில் கோணத்தில் இடம் பத்தாமல், ஆரல்வாய்மொழி தாண்டி ஒரு தனியார் வளாகத்தில் 4,000 சதுர அடி ஷெட் எடுத்தேன். வளாகத்தின் பேர் வேண்டாம்; ஓனர் முகத்தில் மாசாமாசம் முழிக்க வேண்டியிருக்கு. வாடகை 38,000, அட்வான்ஸ் பத்து மாசம்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நாலுவழிச்சாலை பக்கத்திலேயே. நூல் லோடு வடசேரி நெரிசலில் மாட்டாமல் நேரே கேட்டுக்கு வந்துவிடும். மழையும் குறைவு. நைலான் நூல் ஈரத்தைக் குடிக்கும், கண்ணி அளவு மாறும். தக்கலைப் பக்கம் ரெண்டு பருவமழையும் பெய்கிற இடத்தில் படுகிற பாடு இங்கே இல்லை.

காத்துதான் கேடு. பக்கத்து முப்பந்தலில் காற்றாலை வைத்திருக்கிறவனுக்குக் காசு கொட்டுகிற அதே காத்து, கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வழியா மண்ணை அள்ளி நூல்மேல் போடுகிறது. முதலில் எங்க வலையையே நாலு மடிப்பாகக் கட்டிப் பார்த்தேன். மீனைப் பிடிக்கும், மண்ணைப் பிடிக்காது. கடைசியில் ஷீட் அடிக்க 22,000 ஆச்சு, என் செலவு. தரையும் மெஷின் அதிர்ச்சிக்கு மூணே மாசத்தில் வெடித்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். ஆள் நிக்கலை என்பதுதான் சங்கடம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. கோணத்துக்கு எங்க பெண்கள் கைக்காசு இல்லாமல் வந்து போனார்கள். இங்கே பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் எதிர்காத்தில் நடை. முதல் மாசமே மூணு பேர் நின்றுவிட்டார்கள். கிழிசல் பார்க்கிற அக்கா ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள்: "தோவாளையில பூ கெட்டுனா வீட்டு நடையிலயே நாலு சக்கரம் (காசு) கெடைக்கும் அண்ணாச்சி. இந்தக் காத்துல கொடையும் நிக்காது சேலையும் நிக்காது, நான் எதுக்கு நடக்கணும்?" பதில் இல்லை. வேன் வைத்தேன், மாசம் 14,000. அப்போ வாடகை 38 இல்லை, 52.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மீன்பிடித் தடையே ரெண்டு. கிழக்குக் கரைச் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக் குளச்சலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை முடிந்து படகு இறங்குமுன்னே வலை கைக்குப் போயாகணும். ஜூனில் ஒரு ஓட்டம், ஜூலையில் இன்னொரு ஓட்டம்; ரெண்டும் காத்து உச்சத்தில் இருக்கிற மாசம். ஓவர்டைம் கேட்கலாம் என்றால் ஏழு மணிக்கு மேல் அந்தச் சந்தில் ஒரு விளக்கு கிடையாது. "அடுத்த வாரம் போட்டுரலாம்" என்று ஓனர் சொன்னது போன வருஷ ஜூனில். பெண்களை இருட்டில் அனுப்பிவிட்டு நான் தூங்க முடியுமா? குளச்சல் ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனது அப்படித்தான். எல்லாருக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை இருந்தது. ரெண்டாவதை நானே கட்டினேன்.

குடோனுக்கோ, ஆள் அதிகம் வேண்டாத வேலைக்கோ தாராளமா எடுக்கலாம். பெண்களை நம்பி நடக்கிற யூனிட் என்றால் அட்வான்ஸ் கொடுக்குமுன் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஜூலை சாயங்காலம் நடந்து பாருங்கள். ஐந்துக்கு மூன்று ஸ்டார். அதில் ஒன்று ரோட்டுக்கு.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வேன் செலவில் பாதி கேட்டேன். "பஸ் விடுறது என் சோலியா?" என்றார். வாடகையில் 3,000 குறைத்தார். விளக்கு இன்னும் வரவில்லை.