கோத்தகிரி பக்கம் பழைய ஷெட் இடிக்க ஆள் தேடுகிறவர்களுக்கு

வீட்டுப் பின்னால் நிற்கும் பழைய ஷெட்டையோ வேலியையோ எடுத்துவிட ஆள் பேசப் போகிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது அப்பா காலத்து விறகு ஷெட். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அதைத் தாங்கத் தேக்குச் சட்டங்கள், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இரும்பு ஆங்கிள் நட்ட முள்கம்பி வேலி. தெரிந்தவர் மூலம் வந்த ஆள் ஷீட்டை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. சட்டத்தைத்தான் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் எடுத்துட்டுத் தரையைக் கூட்டிக் குடுத்துடறேங்க்கா. பதினெட்டாயிரம் குடுங்க, பழைய சாமான் எனக்கு" என்றார். மேட்டுப்பாளையத்தில் பழைய தேக்குக்கு நல்ல விலை உண்டு என்பது இரண்டு பேருக்குமே தெரியும். சரி, குப்பையையும் அவரே கொண்டுபோகிறாரே என்று ஒப்புக்கொண்டு 12,000 முன்பணம் கொடுத்தோம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தண்ணீர் அடித்து நனைத்து, அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி போன்ற ஜே போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அது மூச்சில் போனால் பல வருடம் கழித்து நுரையீரல் புற்றுநோய்கூட வரலாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தேன். வந்த பையன்கள் முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் மேலே ஏறி, துருப்பிடித்த போல்ட்டைத் தொடாமல் சுத்தியலால் ஷீட்டையே உடைத்துத் தள்ளினார்கள். துணி காயப்போட்ட கொடி வரை வெள்ளைத் தூள். நனைக்கத் தண்ணீர்க் குழாயை நீட்டினால், "ஈரமானா வழுக்குங்க்கா" என்றார்கள். வழுக்கத்தான் செய்யும், அதற்குத்தான் ஏணியும் பலகையும் கொண்டுவருவது.

மதியம் பிக்கப் வந்தது. தேக்கு ஏறியது, ஆங்கிள் ஏறியது, முள்கம்பிகூடச் சுருட்டி ஏறியது. "ஷீட்டுக்கு அடுத்த லோடு" என்று போனவர்தான். பார்த்தால், பாதித் துண்டுகளை ஓடைச் சரிவில் கொட்டியிருக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் காய்கறிக்குப் பாய்ச்சுவது அந்த ஓடைத் தண்ணீரைத்தான். ஆங்கிளைத் தோண்டி எடுக்காமல் அடியில் அறுத்துக்கொண்டதால், கான்கிரீட்டிலிருந்து நீட்டும் கூர்முனைகள் புல்லுக்குள் மறைந்து நிற்கின்றன. அன்று இரவே காட்டுமாடுகள் உள்ளே வந்து பீன்ஸ் பாத்தியை மிதித்துவிட்டுப் போயின.

போன் செய்தால், "மழைங்க்கா, ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்கு." ஐப்பசியில் மண் சரிவது இங்கே புதிதில்லை, 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் அன்றைக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மீதி 6,000 ரூபாயைக் கேட்டுக்கூட அவர் வரவில்லை என்றால், தேக்கு என்ன விலைக்குப் போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஓரத்து நாவல் மரத்தையும் "சேர்த்தே சாய்ச்சிடலாம், யாருக்குத் தெரியப்போவுது" என்றார். விடவில்லை. பட்டா நிலமே ஆனாலும், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புக்கென 1955-இல் வந்த சட்டப்படி அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது. மரம் அவர் வண்டியில் போயிருக்கும், வனத்துறை நம் வாசலுக்கு வந்திருக்கும்.

இப்போது வேறு ஆள் வைத்து, துண்டுகளை நனைத்துப் பொறுக்கித் தார்ப்பாயில் கட்டி வைத்திருக்கிறோம். அதற்குத் தனியாக 7,000. நீங்கள் பேசும்போது ஷீட்டும் கான்கிரீட்டும் முதல் லோடு, மரமும் இரும்பும் கடைசி லோடு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் பெயரைப் பொதுவில் போடவில்லை. அரவேணு, கட்டபெட்டு பக்கம் யாராவது வேலை பேசிக்கொண்டிருந்தால் என்னைத் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.