தனிமையா, கூட்டு வாழ்வா? வனத்து அந்தோணியாரும் பக்கோமியுசும்

இருவரும் எகிப்தியக் கிறிஸ்தவத் துறவிகள், ஒரே காலத்தவர்கள். இயேசுவுக்காக எல்லாவற்றையும் விட்டவர்கள். ஆனால் போன வழி வேறு.

ஏறத்தாழ 20 வயதில், “உன் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு” என்ற நற்செய்தி வாசகத்தைக் கோயிலில் கேட்டார் அந்தோணியார். நிலத்தை ஊராருக்கே கொடுத்துவிட்டார். தங்கைக்கென்று கொஞ்சம் ஒதுக்கினார். அப்புறம் அதையும் கொடுத்து, அவளை இறைவனுக்கென்று வாழ்ந்த கன்னியர் பொறுப்பில் விட்டார். (அவளிடம் யாராவது கேட்டார்களா?) பிறகு பாழடைந்த கோட்டையில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனிமை.

பக்கோமியுஸ் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டவர். அடைபட்டிருந்த வீரர்களுக்கு முகம் தெரியாத கிறிஸ்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவர் மனம் மாறியது அங்கேதான். பின்னாளில் நைல் கரையில், தபென்னீசியில் துறவு மடம் அமைத்தார். பொதுச் சாப்பாடு, பாய் முடைதல், ஒரே ஒழுங்கு. படிக்கத் தெரியாதவர் விரும்பாவிட்டாலும் எழுத்துக் கற்றாக வேண்டும்!

தனிமையில் சோதனை உள்ளிருந்து வரும். மடத்தில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரிடமிருந்தும் வரும். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவினாரே, தனியாக இருந்தால் நீ யாருடைய பாதங்களைக் கழுவுவாய் என்று, பின்னர் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த புனித பசிலியார் கேட்டார். எனக்குப் பக்கோமியுசின் வழிதான் கடினமாகத் தெரிகிறது. ஆனால் அந்தோணியாரும் கடைசிவரை ஒளிந்திருக்கவில்லை: கோட்டையை விட்டு வந்தபின் சீடர்களுக்கு வழிகாட்டினார், கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது அலெக்சாந்திரியா நகருக்குச் சென்று சிறையிலிருந்தவர்களுக்குத் துணைநின்றார்.