சமூக வாடகைக் குடியிருப்புகளுக்கான கூட்டுக் காப்பீடு: ஒரு மதிப்புரை

குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு சமூக வீட்டுவசதி அமைப்பின் நிர்வாகக் குழுவில் நான் இருக்கிறேன். எங்கள் கட்டடங்கள் அனைத்தையும் ஒரே பத்திரத்தின்கீழ் கொண்டுவரும் கூட்டுக் காப்பீட்டைச் சமீபத்தில் புதுப்பித்தோம். பிரீமியம் எவ்வளவு ஏறியது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நன்றாகவே ஏறியிருக்கிறது, ஆனால் பத்திரத்தின் உட்பக்கங்களில் ஓசையின்றி மாறியிருக்கும் நிபந்தனைகளே எனக்கு அதைவிடக் கவலை தருகின்றன.

ஏற்றத்துக்கான காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. நமக்குக் காப்பீடு விற்கும் நிறுவனம் தன் சுமையின் ஒரு பகுதியை மறுகாப்பீட்டாளரிடம் ஒப்படைக்கிறது. பெரும்பாலான மறுகாப்பீட்டு ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் ஜனவரி 1 அன்று, 2023-இல், விலை கடுமையாக உயர்ந்தது. பெரும் புயல்களோடு திடீர் வெள்ளம், ஆலங்கட்டி மழை, காட்டுத்தீ ஆகியவையும் சேர்ந்து இழப்பைப் பெருக்குகின்றன. 2021-இல் வீசிய ஐடா சூறாவளிக்குப் பிறகு அமெரிக்காவின் லூசியானாவில் பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. அந்தப் பின்னணியில், விலை சொல்லவாவது ஒருவர் முன்வந்தாரே என்பதற்காக நான் ஒரு மதிப்பெண் தருவேன்.

சாதாரண வீட்டு உரிமையாளர் கூடுதல் செலவை வாடகையில் ஏற்றிவிடலாம். எங்களைப் போன்ற அமைப்புகளால் முடியாது. அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய வரிச்சலுகைத் திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட வீடுகளுக்கு, வட்டாரத்தின் இடைநிலை வருவாயை (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி கீழும் ஈட்டும் அளவு) கொண்டே வாடகை உச்சவரம்பு கணக்கிடப்படுகிறது. பிரீமியம் எவ்வளவு ஏறினாலும் அந்த வரம்பு அதற்காக நகராது. கடன் கொடுத்த வங்கி காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருப்பதால் பத்திரத்தைக் கைவிடவும் வழியில்லை. ஆகவே பணம் பராமரிப்பு நிதியிலிருந்து வருகிறது, கூரைப் பழுது தள்ளிப்போகிறது, பழுதான கூரையைக் காட்டி அடுத்த ஆண்டு பிரீமியம் மீண்டும் ஏற்றப்படுகிறது.

இப்போது நிபந்தனைகளுக்கு வருகிறேன். இழப்பில் நாமே ஏற்க வேண்டிய முதல் பங்கு முன்பு ஒரு நிலையான தொகையாக இருந்தது; புயல், வெள்ளம் இரண்டுக்கும் அது இப்போது காப்பீட்டு மதிப்பின் விழுக்காடாகிவிட்டது. 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி ஃபுளோரிடாவைத் தாக்கிய பின் அங்கே பரவிய முறை இது. பத்துக் கோடி மதிப்புள்ள கட்டடத்துக்கு 5 விழுக்காடு என்றால் முதல் ஐம்பது லட்சம் நம்முடையது. நாற்பது லட்சத்துக்குக் கூரை போனால் ஒரு காசும் வராது. அதோடு, 72 மணி நேரத்துக்குள் நேர்ந்த சேதம் மட்டுமே ஒரே நிகழ்வாகக் கொள்ளப்படும் என்றொரு விதியும் உண்டு. மழை அதைத் தாண்டி நீடித்தால் இரண்டாவது நிகழ்வு தொடங்கி, அந்த முதல் பங்கை இன்னொரு முறை சுமக்க நேரிடலாம். நாள்கணக்கில் நின்று பெய்யும் மழை பெருகிவரும் காலத்தில் இது சிறு எழுத்தில் அச்சிட வேண்டிய விதியா?

பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அது ஆபத்தான யோசனை. மீண்டும் கட்டுவதற்கான முழுச் செலவில் 70 விழுக்காட்டுக்கே காப்பீடு செய்திருந்தால், சராசரி விதியின்படி ஒவ்வொரு இழப்பிலும் 70 விழுக்காடே கணக்கில் எடுக்கப்படும்.

திட்டத்தின் நல்ல பகுதி, வாடகை இழப்புக்கும் குடியிருப்போரின் மாற்றுத் தங்குமிடத்துக்கும் தரும் பாதுகாப்பு. குறைந்த விலையில் வேறு வீடு எளிதில் கிடைக்காத குடும்பங்களுக்கு இதன் மதிப்பு மிகப் பெரியது. அவர்களுடைய உடைமைகள் இந்தப் பத்திரத்தில் அடங்காது என்பதை மட்டும் அமைப்புகள் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

நான் மதிப்பெண்ணைக் கூடுதலாகக் குறைப்பது வேறொன்றுக்காக. மின் இணைப்புப் பெட்டிகளை உயர்த்தினோம், கூரையைப் பிணைத்துக் கட்டினோம். பிரீமியத்தில் எந்தத் தள்ளுபடியும் இல்லை. அமெரிக்காவின் அலபாமாவில் உறுதிப்படுத்திய கூரைகளுக்குத் தள்ளுபடி தரச் சட்டமே இருக்கிறது. பிரிட்டனில் 2016-இல் தொடங்கி 2039 வரை இயங்கவுள்ள, வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்கான ஃபிளட் ரீ என்ற மறுகாப்பீட்டுத் திட்டம், பங்கேற்கும் நிறுவனங்கள் வழியாக, வெள்ளம் தாங்கும் வகையில் வீட்டைச் சீரமைக்க 10,000 பவுண்டு வரை கூடுதலாக வழங்க இடமளிக்கிறது. ஆனால் சமூக வீட்டுவசதி அமைப்புகளின் கட்டடக் காப்பீடு அந்தத் திட்டத்துக்கும் வெளியேதான் நிற்கிறது.

காற்றின் வேகமோ மழையளவோ குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலே, சேதத்தை மதிப்பிடாமல் பணம் தரும் துணைப் பத்திரம் ஒன்றையும் தரகர் காட்டினார். காற்றையும் மழையையும் அளக்கும் நிலையம் தொலைவில் இருந்தால் நம் கட்டடம் சேதமடைந்தும் பணம் வராமல் போகலாம். ஆகவே முதன்மைக் காப்பீட்டுக்கு அது மாற்றாகாது. நாமே ஏற்க வேண்டிய அந்த முதல் பங்கை நிரப்பவென்று மட்டும் வாங்கினால் பயனுண்டு.

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். வாங்க நினைப்பவர்கள் கையெழுத்திடும் முன், நாமே ஏற்க வேண்டிய முதல் பங்கின் விழுக்காடு ஒவ்வொரு கட்டடத்தின் மதிப்பின்மீதா, மொத்தத் தொகுப்பின் மதிப்பின்மீதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு முதலில் வந்த வரைவில் மொத்தத் தொகுப்பு என்றுதான் இருந்தது, கேட்ட பிறகே அதை மாற்றிக் கொடுத்தார்கள்.