மனிதனையும் பாவத்தையும் குறித்த ஒரு தபால்வழி வேதபாடத் திட்டம்: மதிப்புரை

பாவத்தைப் பற்றிப் பேசும் கிறிஸ்தவ வெளியீடுகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குடி, சூது, பொய், விபசாரம் என்று செயல்களை அடுக்கிச் சொல்லி, உடனே மனந்திரும்பும்படி அழைத்து முடிந்துவிடுகின்றன. மனிதன் ஏன் பாவம் செய்கிறான், தன் சொந்த முயற்சியால் அவன் அதை விட்டுவிட முடியுமா, இன்னும் ஒரு தவறும் செய்யாத கைக்குழந்தையின் நிலை என்ன என்பன போன்ற கேள்விகளுக்கு அவற்றில் இடம் கிடைப்பதில்லை. தென் தமிழகத்திலுள்ள ஓர் இறையியல் நிறுவனம் தபால் வழியாக நடத்தும் இந்தப் பாடத்திட்டம் அந்தக் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறது என்பதால்தான் இதைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன். பன்னிரண்டு கையேடுகள், ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு விடைத்தாள், திருத்தி அனுப்ப ஓர் ஆசிரியர், மொத்தக் கட்டணம் 600 ரூபாய் என்பது ஏற்பாடு.

முதலில் பாராட்ட வேண்டியது பாடங்களின் வரிசையை. பாவத்தைக் கற்பிக்க வந்த திட்டம், முதல் இரண்டு கையேடுகளில் அந்தச் சொல்லையே பெரும்பாலும் தொடுவதில்லை. தேவன் தம்முடைய சாயலாக மனிதனைச் சிருஷ்டித்ததையும், தாம் உண்டாக்கிய எல்லாவற்றையும் பார்த்தபோது அது மிகவும் நன்றாயிருந்ததையும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்து நிதானமாக விளக்குகிறது. மனித இயல்பு அடிப்படையில் தீயது என்பது கிறிஸ்தவப் போதனை அன்று. நல்லதாகப் படைக்கப்பட்ட ஒன்று கெட்டுப்போயிருக்கிறது என்பதே போதனை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாதவர்கள் பாவத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது, கேட்பவர்களுக்குத் தங்கள்மேல் அருவருப்புதான் மிஞ்சுகிறது. வீழ்ச்சிக்குப் பிறகும் தேவசாயல் அழிந்துவிடவில்லை என்பதற்கு, ஜலப்பிரளயத்துக்குப் பின்னும் மனித உயிரைக் கொல்லக்கூடாது என்பதற்கான காரணமாக ஆதியாகமம் 9ஆம் அதிகாரம் அதே சாயலைக் குறிப்பிடுவதைக் கையேடு எடுத்துக்காட்டுவது மிகச் சரியான இடம்.

மூன்றாம் கையேடு ஏதேன் தோட்டத்துக்கு வருகிறது. விலக்கப்பட்ட கனியைத் தின்றதோடு நிறுத்திவிடாமல், தின்ற பிறகு நடந்தவற்றை வாக்கியம் வாக்கியமாக ஆராய்வது இதன் சிறப்பு. "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்" என்று ஆதாம் சொல்லும் பதிலில், மனைவியின்மேல் மட்டுமல்லாமல், அவளைத் தந்த தேவன்மேலும் பழி விழுவதை ஆசிரியர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஒளிந்துகொள்ளுதல், வெட்கம், பழியைத் தள்ளிவிடுதல் ஆகிய மூன்றும் தின்றதற்குக் கிடைத்த தண்டனையாக வெளியிலிருந்து வரவில்லை; உறவு முறிந்த அந்தக் கணத்திலேயே உள்ளிருந்து கிளம்பின. பாவம் என்பது சட்டத்தை மீறியது மட்டுமல்ல, தேவனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பதை இதைவிடத் தெளிவாகத் தமிழில் நான் படித்ததில்லை.

திட்டத்தின் உச்சம் அகுஸ்தீனைப் பற்றிய ஐந்தாம், ஆறாம் கையேடுகள். கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில் பிறந்து, பிறகு ஹிப்போவின் ஆயராக இருந்த அகுஸ்தீன், தம் பதினாறாம் வயதில் கூட்டாளிகளோடு இரவில் போய்ப் பேரிக்காய்களைத் திருடியதைப் பல ஆண்டுகளுக்குப் பின் எண்ணிப் பார்க்கிறார். பசி இல்லை, வீட்டில் இதைவிட நல்ல காய்கள் இருந்தன, திருடியவற்றில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். பிறகு ஏன் திருடினேன் என்று கேட்டு, தீமை என்பதனாலேயே அது இனித்தது என்ற பதிலில் அவர் அதிர்ந்து நிற்கிறார். இந்தப் பாடத்தின் விடைத்தாளில், கூட்டாளிகளின் தூண்டுதலே காரணம் என்று என்னோடு சேர்ந்து படித்த ஓர் உறவினர் எழுதியிருந்தார். திருத்திய ஆசிரியர் அதை அடித்துவிடவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில், "அந்தக் கூட்டாளிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள் அல்லவா?" என்று மட்டும் எழுதி அனுப்பினார். மதிப்பெண்ணைவிட இப்படிப்பட்ட குறிப்புகளுக்காகவே இந்தத் திட்டத்தில் சேரலாம்.

மனிதன் தன் சொந்தச் சித்தத்தாலேயே பாவமின்றி வாழ முடியும் என்று போதித்த அகுஸ்தீனின் சமகாலத் துறவி பெலேஜியுவோடு அவர் நடத்திய விவாதமும் நியாயமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. "நீர் கட்டளையிடுவதைத் தாரும், நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்ற அகுஸ்தீனின் ஜெபம் பெலேஜியுவைக் கலங்கச் செய்தது. எல்லாவற்றையும் தேவனே தர வேண்டும் என்றால் மனிதன் தன் சோம்பலுக்குச் சாக்குச் சொல்லிவிடுவானே என்பது அவருடைய கவலை. அது அற்பமான கவலை அன்று, நேர்மையான ஒழுக்கத்தை விரும்பியவரின் கவலை என்பதைக் கையேடு மறைக்கவில்லை. 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய திருச்சபைச் சங்கம் பெலேஜியுவின் போதனையை நிராகரித்ததையும், 529இல் இன்றைய பிரான்சின் ஆரஞ்சு என்ற ஊரில் கூடிய சங்கம் நற்செயலுக்கான முதல் அசைவே கிருபையால் உண்டாகிறது என்று அறிவித்ததோடு, தீமைக்கென்று தேவன் யாரையும் முன்குறிப்பதாகச் சொல்வதைக் கண்டித்ததையும் சேர்த்துச் சொன்னதால், கதை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடவில்லை.

சீர்திருத்த காலப் பாடங்கள் சுருக்கமானவை, ஆனால் குழப்பத்தைத் தீர்ப்பவை. ஞானஸ்நானம் ஜென்மப் பாவத்தை, அதாவது ஆதாமின் வழியாகப் பிறவியிலேயே வரும் பாவத்தை, நீக்குகிறது, எஞ்சி நிற்கும் இச்சை பாவத்துக்குத் தூண்டினாலும் அதுவே சரியான பொருளில் பாவம் ஆகாது என்று 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் கூறியது. எஞ்சி நிற்பதும் பாவமே, ஆனால் விசுவாசிமேல் அது சுமத்தப்படுவதில்லை என்பது லூத்தரின் நிலை. ஒரே வீட்டில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு என்பதால், இந்தப் பக்கங்களை அவர்கள் உட்கார்ந்து சேர்ந்து படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கால்வின் மரபினர் பேசும் முழுச் சீர்கேடு என்பதற்கும் நல்ல விளக்கம் இருக்கிறது. குடத்து நீரில் ஒரு துளி மை விழுந்தால் நீர் முழுவதும் மையாகிவிடாது, ஆனால் நிறம் மாறாத துளி என்று ஒன்றும் மிஞ்சாது; அதுபோல மனிதன் இயன்ற அளவுக்கு மோசமானவன் என்பது பொருளல்ல, அவனுடைய அறிவு, சித்தம், உணர்வு ஆகிய எதுவும் பாதிக்கப்படாமல் தப்பவில்லை என்பதே பொருள்.

ஒரு குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களே இத்திட்டத்தின் வாசகர்களில் கணிசமானவர்களாக இருப்பார்கள். பிரெஸ்பிட்டேரியன் மரபின் விசுவாச அறிக்கையான வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் கண்டிப்பும், எல்லா மனிதரையும் முந்திச் சென்று சந்திக்கும் கிருபையைப் பற்றி மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தந்த போதனையும் ஒரே பீடத்திலிருந்து மாறி மாறி ஒலிப்பது அவர்களுக்குப் பழக்கமான அனுபவம். அந்த இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதற்குத் தனிக் கையேடே வேண்டும். வெஸ்லிக்கு ஒதுக்கப்பட்டதோ இரண்டு பத்திகள். கீழைச் சபைகளின் பார்வைக்கு அதுகூட இல்லை. ஆதாமிடமிருந்து மரணத்தையும் சீர்கேட்டையும் சுதந்தரித்தோம், அவனுடைய குற்றப்பழியை அல்ல என்று போதிக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையார் பக்கத்திலுள்ள கேரளத்தில் நமக்கு அண்டை வீட்டார் என்பதை எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள்.

இரண்டாவது குறை பெரியது. பன்னிரண்டு கையேடுகளிலும் பாவம் செய்பவர் எப்போதும் தனிமனிதராகவே இருக்கிறார். ஒரு சமுதாயமாகச் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக, யாரும் தன்னைக் குற்றவாளியாக உணராமலே செய்யும் பாவத்தைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரில் பலர் சாதியை விடாமல் சபையை விட்டு விலகினார்கள். திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910 வரை நின்றது. இவர்கள் ஜெபிக்காதவர்கள் அல்ல. பாவத்தைப் பற்றிய பிரசங்கம் கேளாதவர்களும் அல்ல. 1987இல் போப் இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகள் என்று பேசியது இதைத்தான். தமிழில், தமிழருக்காக எழுதப்பட்ட பாடம் இதைத் தொடாமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதில் எனக்கு வருத்தம் மட்டுமல்ல, கோபமும் உண்டு.

ஆனாலும் பத்தாம் கையேட்டுக்காக எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நோய்வாய்ப்பட்டவரிடமும், பிள்ளையை இழந்தவரிடமும் போய், உங்களிடம் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்று சொல்லும் கொடுமை நம் சபைகளில் நடக்கிறது. பிறவிக் குருடனைப் பற்றி, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு சொன்னதையும், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று அவர் மறுத்ததையும் வைத்து, கையேடு அந்தப் பழக்கத்தை நேருக்கு நேர் கண்டிக்கிறது. எல்லா மனிதரும் பாவிகள் என்பது ஒன்று, இந்த மனிதரின் இந்தத் துன்பத்துக்கு இந்தப் பாவம் காரணம் என்பது வேறொன்று. முதலாவது சுவிசேஷத்தின் போதனை, இரண்டாவது யோபுவின் நண்பர்களுடைய போதனை என்று எழுதியிருப்பதை ஒவ்வொரு ஆயரும் வாசிக்க வேண்டும்.

நடைமுறை விஷயங்களில் சொல்ல அதிகமில்லை. அச்சு தெளிவு, வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தரப்பட்டுள்ளன, திருத்திய விடைத்தாள்கள் திரும்பி வரச் சில வாரங்கள் பிடிக்கின்றன. திடப்படுத்தல் வகுப்பு எடுப்பவர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். குற்றவுணர்வில் நெடுநாள் உழல்பவர்கள் தனியாகப் படிக்காமல், நம்பத்தகுந்த ஒருவரோடு சேர்ந்து, பத்தாம் கையேட்டை முதலில் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. சாதியைப் பற்றிய பாடம் ஒன்றைச் சேர்க்கும்படி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இத்திட்டத்தில் சேருபவர்களும் தங்கள் விடைத்தாளோடு அதே கோரிக்கையை இணைத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.