பிங் பதிலைக் காட்டினால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் இரண்டு கிளைகளின் கம்ப்யூட்டர்களை விபிஎன் (இன்டர்நெட் வழியாகப் போடும் தனிப் பாதை) போட்டு இணைக்க ஆள் தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எங்களிடம் வேலை எடுத்தவர் இன்னும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார். பெயர் போடவில்லை. அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

வண்ணார்பேட்டையில் இருக்கிற கடையில் நான் கணக்குப் பார்க்கிறேன். முதலாளி அம்பாசமுத்திரம் (அம்பை) பக்கம் ஒரு அரிசி ஆலையை வாங்கினார். ஆலையில் டேலி என்கிற கணக்கு மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டரைக் கடையிலிருந்தே திறந்து இருப்புப் பார்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். பழைய ரூட்டர் தாங்காது என்று சொல்லி, வந்தவர் இரண்டு ஃபயர்வால்களை (நெட்வொர்க்குக்குள் வருவதையும் போவதையும் கட்டுப்படுத்தும் கருவிகள்) எங்கள் தலையில் கட்டினார்.

வேலை முடிந்தது என்று சொன்ன அன்று என்னைக் கூப்பிட்டு, கறுப்புத் திரையில் ஆலைக் கம்ப்யூட்டரின் ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) 192.168.1.10 என்று அடித்து பிங் கொடுத்தார், அதாவது அந்த எண் பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்த்தார். வரிசையாகப் பதில் வந்தது. “பாத்தீங்களா அண்ணாச்சி, அம்பை பேசுது. டேலியை மட்டும் நாளைக்கு வந்து பாத்துக்கிடுதேன்” என்றார். அதை நம்பி முதலாளி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார்.

டேலி திறக்கவே இல்லை. கேட்டால் லைன் சரியில்லை என்பார், அப்புறம் ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இன்டர்நெட் எண்) வாங்குங்கள் என்பார். வாங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பாளையங்கோட்டையில் இருக்கிற ஒரு நெட்வொர்க் இன்ஜினியரை வரவழைத்தோம். அந்தப் பெண் அதே பிங்கை ஓடவிட்டு, எங்கள் கடை பிரிண்டரின் பவர் வயரை உருவினார். கொஞ்ச நேரத்தில் திரையில் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ (அந்த எண்ணை எட்ட முடியவில்லை) என்று வந்தது. இத்தனை நாளும் பதில் சொன்னது அம்பை கம்ப்யூட்டர் அல்ல, கடையிலேயே இருக்கிற பிரிண்டர். அதன் எண்ணும் 192.168.1.10. “சார், பதில் வந்த நேரத்தைப் பாருங்க. ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. இன்டர்நெட் வழியா அம்பை போயிட்டு வந்தா இப்படி வராது” என்றார். இது தெரியாமலா முதலில் வந்தவர் தொழில் செய்கிறார்?

விஷயம் இதுதான். ஐபி எண்களில் 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை எல்லாம் யார் வேண்டுமானாலும் தங்கள் இடத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-லேயே ஆர்எஃப்சி 1918 என்கிற இன்டர்நெட் விதி ஆவணத்தில் ஒதுக்கிவிட்டார்கள். பல ரூட்டர்கள் 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும் எண் வரிசையோடுதான் வாங்கும்போதே வருகின்றன. ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே வரிசை இருப்பது சகஜம். நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் பிள்ளையார் கோவில் தெரு உண்டு. ஊர் பெயர் எழுதாத தபாலை உள்ளூர் தபால்காரர் தன் ஊர்த் தெருவில்தானே கொடுப்பார்? கம்ப்யூட்டரும் அப்படித்தான். போக வேண்டிய எண் தன் வரிசையிலேயே இருந்தால் ரூட்டரிடம் கொடுக்காது, பக்கத்திலேயே தேடும். விபிஎன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குள் எதுவும் போகாது.

இந்தச் சிக்கலைச் சொல்லாமல் முதலில் வந்தவர் இன்னொன்றும் செய்திருந்தார். இரண்டு இடங்களையும் ஒரே நெட்வொர்க்காக பிரிட்ஜ் செய்துவிட்டார். இரண்டு ரூட்டரும் போட்டி போட்டு எண் கொடுக்க ஆரம்பித்தன. எங்கள் பில்லிங் கம்ப்யூட்டர்களில் ஐபி கான்ஃபிளிக்ட் (ஒரே எண் இரண்டு கருவிகளுக்கு) என்று வந்து, கூட்டம் நிற்கிற நேரத்தில் பில் போட முடியாமல் போனது. அதையும் பிரித்துவிட்டு, ஆலைக் கம்ப்யூட்டரின் ரிமோட் டெஸ்க்டாப்பை (தூரத்திலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் வசதி), அதாவது அது பயன்படுத்தும் 3389 போர்ட் என்கிற வாசலை, இன்டர்நெட்டுக்கே திறந்துவிட்டார். உலகத்தில் எவனும் வந்து பாஸ்வேர்டு அடித்துப் பார்க்கலாம். ரான்சம்வேர் கும்பல்கள் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள்) தேடித் திரிகிற வாசல் அது. எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

சரியான வழி இரண்டு. ஒரு பக்கத்தின் வரிசையை மாற்றுவது நல்லது. எங்கள் ஆலையில் எடைமேடை, கேமரா பெட்டி இரண்டிலும் எண்ணை நிலையாகப் பதித்து வைத்திருந்ததால் உடனே கை வைக்க முடியவில்லை. அதனால் பாளையங்கோட்டை இன்ஜினியர் இரண்டாவது வழியாக ஒன்றுக்கொன்று நாட் போட்டார், அதாவது ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபக்கம் வேறு எண்ணில் தெரியும்படி மாற்றினார். கடைக்கு ஆலை 10.47.1 என்றும், ஆலைக்குக் கடை 10.46.1 என்றும் தெரியும். கடைசி எண் மாறாது. டேலி கம்ப்யூட்டர் 10.47.1.10. இதை இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பதில் திரும்பி வராது. இந்த வசதி முதலில் வந்தவர் விற்ற ஃபயர்வாலிலேயே இருந்தது!

வேலை கொடுக்கும் முன், இரண்டு இடத்து ஐபி வரிசையும் என்ன என்று அவராகக் கேட்கிறாரா பாருங்கள். கேட்காதவரை அனுப்பிவிடுங்கள். பிங்கை வைத்து மட்டும் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பக்கத்து டேலியில் ஒரு பில்லைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே யாராவது உங்களுக்கு இப்படி இணைத்துக் கொடுத்திருந்தால், இன்றைக்கே ரூட்டரில் 3389 திறந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். அட்மின் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அவர் கடைசிவரை தரவில்லை. இரண்டு ஃபயர்வாலையும் ரீசெட் செய்து முதலிலிருந்து அமைத்தோம். கொடுத்த பணம் இன்னும் திரும்பி வரவில்லை.